கலைந்ததும் கலைத்ததும்

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குத் தன்வினை, பிறவினை நடத்திக்கொண்டிருந்தேன். எந்தத் தமிழாசிரியரும் தூக்கத்தில்கூட நடத்திவிடக்கூடிய பாடம். திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டினான், சேர்ந்தது, சேர்த்தான். இரண்டு மூன்று சொல்லிக்காட்டிவிட்டு மாணவர்களிடமே எடுத்துக்காட்டுக் கேட்பது என் வழக்கம். நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, ‘கலைந்தது, கலைத்தது அம்மா’ என்றாள். கூட்டம் கலைந்தது, காவலர் கூட்டத்தைக் கலைத்தனர். நல்ல எடுத்துக்காட்டு. பகுதி இரண்டுக்கும் ஒன்றே. உறுப்பிலக்கணமாகப் பிரித்தால் முதல் சொல்லில் சந்தியாக வந்த தகரம் நகரமாக விகாரப்படுகிறது. இரண்டாவதில் அது விகாரப்படாமல் அப்படியே நிற்கிறது. கரும்பலகையில் பிரித்து எழுதிவிட்டுத் திரும்பினேன். அடுத்துச் சொல்லவேண்டியது சற்று நேரம் நாவில் வரவில்லை.

காரணம் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன், ‘கலைத்துவிட்டேன்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘கலைந்துவிட்டது’ என்று சொன்னவள் நான். ஒரு தகரத்தை நகரமாக்கியதற்கு இத்தனை ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். சொந்தக் கதை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை; ஆனால் இந்த விஷயத்தில் பொதுவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் பொதுவாகவே பேசிக்கொண்டிருப்பதுதான் சிக்கலின் பாதி என்று இப்போது தோன்றுகிறது.

சிறுவயதில் எனக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது. தொண்டைப்புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு அது மூட்டில் ஏறி, பிறகு இதய வால்வைக் கடித்துவிட்டுப் போகும் என்பார்கள். நம் கிராமங்களில் இது அபூர்வமான நோயல்ல. முதல் பிரசவம் எப்படியோ தப்பித்துக் கடந்தது. முப்பது வயதில் வால்வு முற்றிலும் சுருங்கி, அறுவை செய்து உலோக வால்வு பொருத்தினார்கள். அதற்குப் பிறகு தினமும் மாலையில் வார்ஃபரின் மாத்திரை. மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, உறையும் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அமைதியான இரவுகளில் அந்த வால்வின் டிக்டிக் ஓசை எனக்கே கேட்கும். இனிக் கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கவனமாகத்தான் இருந்தோம். இருந்தும் 2015இல், முப்பத்தெட்டு வயதில், ஒன்பதாவது வாரத்தில் நிற்கிறேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இதய மருத்துவர் அன்று அரைமணி நேரம் பேசினார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வாழ்நாளில் ஒரு மருத்துவர் என்னிடம் இவ்வளவு நேரம் முழு வாக்கியங்களில் பேசியதில்லை. உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டி படியாமல் தடுப்பது அந்த மாத்திரை. ஆனால் அது நச்சுக்கொடியைக் கடந்து கருவுக்கும் போகும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மூக்கெலும்பு, மற்ற எலும்புகள் உருவாவதைக் கெடுக்கலாம். பின்னால் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசியலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் அது கருவைத் தொடாது, ஆனால் வால்வுக்கு அத்தனை உறுதியான காவல் இல்லை. கட்டி வந்து வால்வு அடைத்துக்கொண்டால் பக்கவாதம், அல்லது அதற்கும் மேல். தாயைக் காக்கும் மருந்து குழந்தைக்கு ஆகாது. குழந்தைக்குத் தீங்கு செய்யாத மருந்து தாய்க்குப் போதாது. இப்படிப்பட்ட நிலையிலும் துணிந்து பெற்றெடுத்த பெண்கள் உண்டு என்றும், அவர்களுக்கு வைத்தியம் பார்த்திருப்பதாகவும் அவர் சொன்னார். மறைக்கவில்லை. கடைசியில், ‘முடிவு நீங்கதான் சொல்லணும் மேடம்’ என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது எனக்குள் எழுந்தது பயமல்ல, ஒருவகைத் திகைப்பு. முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் உடலைப் பற்றி எடுக்கப்பட்ட எந்த முடிவுக்கும் எழுவாயாக நான் இருந்ததில்லை. எந்தக் கல்லூரி, எந்த மாப்பிள்ளை, எப்போது அறுவை என எல்லாம் ‘முடிவாயிற்று’தான். இரண்டு நாள் யோசித்தேன். கணவர் என்ன சொன்னாலும் சரி என்றார். அது அன்பா, பொறுப்பைக் கைகழுவுவதா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. மூன்றாம் நாள் முடிவு செய்தேன். செய்தேன் என்றுதான் எழுதவேண்டும்.

பிறகு நடந்தது வேறு. மகப்பேறு பிரிவில் படிவங்களை நீட்டிய செவிலியர், ‘சார் வந்திருக்காங்களா, அவங்க கையெழுத்து வேணும்’ என்றார். கணவர் மூன்று இடத்தில் கையெழுத்திட்டார். நான் ஓரிடத்தில். சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதலைத் தவிர வேறு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை என்பது பின்னால் சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. தமிழில் முதுகலை படித்தவளுக்கே இந்த நிலை. அம்மா மருத்துவமனைக்கு வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: ‘இந்தா பாரு தாயி, யார் கேட்டாலும் கலைஞ்சு போச்சுன்னு சொல்லிரு. வேற ஒண்ணும் சொல்லாத.’

சொன்னேன். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, பத்து நாள் கழித்துக் கல்லூரிக்குப் போய், எல்லோரிடமும் அதையே சொன்னேன். நம் ஊர்ப் பேச்சில் அது எளிது. கரு ‘தங்கவில்லை’, ‘நிற்கவில்லை’, ‘போயிருச்சு’, ‘கலைஞ்சிருச்சு’. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை மறைக்கமுடியாவிட்டால் ‘க்ளீன் பண்ணிட்டாங்க’. கவனியுங்கள், பெண் எழுவாயாக வரும் வாக்கியமே இந்த வரிசையில் இல்லை. ‘கலைச்சிட்டா’ என்று ஒரு வினை இருக்கிறது, ஆனால் அது எப்போதும் படர்க்கையில், குரலைத் தாழ்த்தி, வேறொருத்தியைப் பற்றிச் சொல்லப்படுவது. தன்மை ஒருமையில் அந்த வினையை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

பொய்க்கு உரிய ஆறுதல்கள் வந்து சேர்ந்தன. ‘அடுத்த தடவை நல்லபடியாப் பிறக்கும்’ என்றார்கள். துறையில் மூத்த அம்மையார் ஒருவர், விடுமுறையில் தஞ்சைப் பக்கம் போனவர், எனக்காகத் திருக்கருகாவூருக்குப் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் நெய்ப் பிரசாதம் வாங்கிவந்து கையில் கொடுத்தார். கருவைக் காத்த ஊர் என்பதே அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். கருத்தரிக்க வேண்டுவோர் அந்த நெய்யை உட்கொள்வார்கள். அந்த அன்புக்கு முன் நான் என்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன். இரவில் ஒரு விரல் நுனி நெய்யை நாவில் வைத்தபோது வந்த அழுகை, கருவை இழந்ததற்கான அழுகையா, என் வாக்கியத்தை இழந்ததற்கான அழுகையா என்று பிரிக்க முடியாது. எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லை. துக்கம் இருந்தது. முடிவெடுத்தவளுக்கும் துக்கம் உண்டு என்பதை ஏற்கும் ஒரு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை. முடிவெடுத்ததை மறைத்தால்தான் துக்கப்பட அனுமதி என்பது எத்தகைய பேரம்!

சட்டமாவது இந்தப் பேரத்துக்கு வெளியே நிற்கிறதா என்று பார்க்கலாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், கருவைச் சிதையச் செய்வதைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி மூன்றாண்டுவரை சிறை; கரு அசைவு தெரிந்தபின் என்றால் ஏழாண்டுவரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 88ஆம் பிரிவாக எண் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை.

எருக்கங்குச்சியும் கைமருந்தும் வைத்துக் கருவைக் கலைத்துச் சீழ்பிடித்துச் செத்த பெண்களின் எண்ணிக்கையைப் பொறுக்கமுடியாமல் 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. அதன் பரிந்துரைகளின் பேரில் வந்ததுதான் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். அது காத்த உயிர்கள் ஏராளம். அந்தச் சட்டத்தைக் குறைத்துப் பேசும் உரிமை, அதனால் உயிரோடு இருக்கும் எனக்கு இல்லை. ஆனால் அதன் வாக்கியத்தை ஒரு தமிழாசிரியையாகப் படிக்கலாம் அல்லவா? இன்ன சூழ்நிலையில் கருவைக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதே அந்தச் சட்டத்தின் மைய வாக்கியம். எழுவாய் மருத்துவர். தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு என்றும், பிறக்கும் குழந்தைக்குக் கடும் குறைபாடு இருக்கும் என்றும் நல்லெண்ணத்துடன் கருதவேண்டியவரும் மருத்துவரே. பெண் ஒப்புதல் தருகிறாள். கலைக்கும் பெண் எழுவாயாக வருவது தண்டனைச் சட்டத்தில் மட்டும். குற்றம் செய்யும்போது அவள் கர்த்தா. அனுமதி பெறும்போது அவள் செயப்படுபொருள். வேற்றுமை உருபுகளை நடத்தும் ஒருத்திக்கு இதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருக்கமுடியவில்லை.

2008இல் மும்பையில் நிகேதா மேத்தா என்ற பெண்ணுக்கு நடந்ததை நண்பர்கள் மறந்திருக்கக்கூடும். அவர் தன் பெயரை மறைக்கவில்லை என்பதாலேயே அந்த வழக்கு என் நினைவில் தங்கியது. இருபத்துநான்காவது வாரத்தையொட்டி, வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்தில் கடுமையான பழுது இருப்பது தெரியவந்தது. அப்போது சட்டம் வைத்திருந்த எல்லை 20 வாரம். கருவின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேனையே பதினெட்டு முதல் இருபது வாரத்தில்தான் எடுக்கிறார்கள். இதயத்தைத் தனியாகப் பார்க்கும் எக்கோ அதற்கும் பிறகு. நோய் தெரியவரும் நாளும் கதவு சாத்தப்படும் நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவரும் கணவர் ஹரேஷும் மருத்துவர் நிகில் தாதரும் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஆகஸ்ட் 4 அன்று நீதிமன்றம் மறுத்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் அந்தப் பெண்ணின் தாய்மையை விசாரித்தன. இரண்டு வாரங்கூட ஆகவில்லை, கரு தானே கலைந்தது.

கலைக்க அனுமதி இல்லாதது கலைந்தது. உடனே விவாதமும் அடங்கியது. இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு என் பாடத்துக்கு எங்கே கிடைக்கும்? தன்வினையாக நிகழ்ந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. நீதிமன்றத்துக்கு, ஊடகத்துக்கு, அறம் பேசியவர்களுக்கு. அந்தப் பெண்ணுக்கு? பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 2021இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இருபது வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். வல்லுறவுக்கு ஆளானவர், சிறுமியர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பகாலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர் முதலிய சில வகையினருக்கு இரண்டு மருத்துவர் கருத்துடன் இருபத்துநான்கு வாரம்வரை. கருவுக்குக் கடும் குறைபாடு என்று மருத்துவ வாரியம் கண்டால் வார எல்லையே இல்லை. தாயின் உயிரை உடனடியாகக் காக்கவேண்டிய நிலையில் எப்போதுமே எல்லை கிடையாது. ‘மணமான பெண் அல்லது அவள் கணவன்’ பயன்படுத்திய கருத்தடை பலிக்காமல் போனால் என்றிருந்த விளக்கம், ‘எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணையும்’ என்று மாறியது. பெரிய மாற்றங்கள்தான். எழுவாய் மட்டும் மாறவில்லை.

மாறவில்லை என்பதை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. இருபத்தேழு வயதுப் பெண், இரண்டு குழந்தைகள், இளையது பிறந்து ஓராண்டுதான். அந்தப் பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை; வராததால் கரு உண்டானதும் தெரியவில்லை. (பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்று நம் பாட்டிமார்களும் நம்பித்தான் வரிசையாகப் பெற்றார்கள்.) தெரிந்தபோது இருபத்துநான்கு வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அனுமதி தந்தது. குழந்தை பிழைக்க வாய்ப்புள்ள நிலையில் இருக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்ததும் விவகாரம் மீண்டும் திறந்தது. 11ஆம் தேதி இரு பெண் நீதிபதிகளும் பிரிந்து தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹிமா கோலியின் மனசாட்சி இடந்தரவில்லை. அந்தப் பெண் எடுத்த முடிவை நீதிமன்றம் மதிக்கவேண்டும் என்பது நீதிபதி நாகரத்னாவின் நிலை. 16ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, கரு இருபத்தாறு வாரம் ஐந்து நாள் ஆகிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவுக்குக் குறைபாடில்லை என்று கூறி அனுமதியை மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும். விரும்பினால் தத்துக் கொடுக்கலாம்.

இருபத்தாறு வாரத்தில் நிற்கும் உயிரைப் பற்றி யோசிக்காமல் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. என்னுடையது ஒன்பது வாரம். அவருடையதை என்னுடையதோடு சேர்த்துக்கட்ட மாட்டேன். நீதிபதி கோலியின் தயக்கத்தை ஏளனம் செய்பவர்களோடும் நானில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுடைய மனநோயின் பெயர், அவள் சாப்பிடும் மருந்து, அவள் பால் கொடுத்த கணக்கு எல்லாம் நாடறியப் பேசப்பட்டன. அவள் சொன்னது மனுவில் ஒரு பத்தி.

ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பேருந்தில் போகும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ தலையைத் திருப்பவே வேண்டாம், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகக் கண்ணில் படும். 2004 ஜூலையில் திறந்தார்கள். அதற்குமுன் எங்கள் ஊர் என்றால் யானைமலையும் நரசிங்கமும் வேளாண்மைக் கல்லூரியும்தான். இப்போது கறுப்புக் கோட்டும் கோப்புமாக ஒரு கூட்டம் காலையில் வந்திறங்குகிறது. எல்லை தாண்டிய கருவைக் கலைக்க அனுமதி கேட்கும் மனுக்கள் உயர்நீதிமன்றங்களுக்குத்தான் போகவேண்டும். மனு, அரசு மருத்துவமனையில் வாரியம் அமைக்க உத்தரவு, வாரியத்தின் பரிசோதனை, அறிக்கை, தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நாள். வயிற்றில் இருப்பது வாய்தா கேட்டு நிற்பதில்லை. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நிறுத்தத்தில் இறங்கும் இளம்பெண்கள் எந்த வழக்குக்கு வருகிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சொத்துத் தகராறாக இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொருத்தியையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

நம் இலக்கியம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கருவழிப்பு பெரும்பாவம் என்று புறநானூறே சொல்கிறது என்று மேடையில் முழங்குபவர்களும் உண்டு. அவர்கள் சுட்டுவது 34ஆம் பாடல், ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடியது. பசுவின் மடியை அறுத்தவர்களையும் பெண்களின் கருவைச் சிதைத்தவர்களையும் புலவர் பெரும்பாவிகளின் வரிசையில் வைப்பது உண்மை. முழங்குபவர்கள் அடுத்த அடியைப் படிப்பதில்லை. இத்தகையோருக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்குத்தான் இல்லை என்பது அந்தப் பாடலின் வாதம். கருச்சிதைத்தலை மீளமுடியாத பாவமாக அது வைக்கவில்லை என்பது முதலாவது. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது, அங்கே சிதைப்பவர் வேறொருவர், கரு பெண்ணுடையது என்பது. மடி பசுவுக்கு உரியதாக இருப்பதுபோலக் கரு பெண்ணுக்கு உரியதாக நிற்கிறது. குற்றம் அவள்மேல் இழைக்கப்படுகிறது. அவளே தன் உயிர் கருதி எடுக்கும் முடிவைப் பற்றி அந்தப் பாடல் எதுவும் பேசவில்லை. இது என் வாசிப்பு. உரையாசிரியர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மதுரை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ‘முடிவு பெண்ணுடையது’ என்று எழுதினால் உடனே ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். மேற்கே உசிலம்பட்டி இருக்கிறது. 1986இல் இந்தியா டுடே எழுதியபின் அந்த ஊரின் பெயரே பெண்சிசுக் கொலைக்கு மறுபெயராயிற்று. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994இல் ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்தது, அதே ஆண்டு கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஸ்கேன் வந்தபிறகு கள்ளிப்பாலின் வேலையைக் கருக்கலைப்பு எடுத்துக்கொண்டது என்பதை மறுப்பவர்கள் இங்கே வாழாதவர்கள். ‘பெண்களிடம் முடிவை விட்டால் இதுதான் நடக்கும்’ என்று என் கல்லூரியிலேயே ஒருவர் சொன்னார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டது: அந்தக் கருக்களில் எத்தனையைப் பெண் முடிவு செய்தாள்? மூன்றாவதும் பெண்ணாகப் போனால் வீட்டுக்கு வராதே என்ற மாமியார் முடிவு செய்தாள். நகைக் கணக்குப் போட்ட மாமனார் முடிவு செய்தார். அங்கும் அவள் கையெழுத்து ஓரிடத்தில் மட்டும்தான். பெண் முடிவெடுத்ததன் விளைவல்ல உசிலம்பட்டி. அவளிடம் முடிவே இல்லாமல் போனதன் விளைவு.

முடிவு அவளுடையது என்றால் பெற்றுக்கொள்ளும் முடிவும் அவளுடையதுதான். 2009இல் சண்டிகரில், அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுவளர்ச்சி குன்றிய ஆதரவற்ற பெண் ஒருவர் வல்லுறவால் கருவுற்றார். கலைத்துவிடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெறுவதா வேண்டாமா என்ற தேர்வு, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் தெளிவாகச் சொன்னது. என்னைப்போன்ற வால்வோடு, ஊசி மேல் ஊசி போட்டு, பெற்றே தீருவேன் என்று பெற்றவர்களை நான் வணங்குகிறேன். அவர்களும் தன்மை ஒருமையில் பேசுகிறவர்கள்.

அயர்லாந்தின் கால்வே நகரில் 2012 அக்டோபர் 28 அன்று இறந்த சவிதா ஹாலப்பனவரின் கதை பலருக்கும் தெரியும். கர்நாடகத்துப் பெல்காமிலிருந்து போன பல் மருத்துவர், முப்பத்தொரு வயது, பதினேழாவது வாரம். கரு ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது. பிழைக்காது என்று மருத்துவர்களுக்கும் தெரியும். கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது, அதுவரை முடியாது என்றார்கள். அது தானாகக் கலைந்து முடியும்வரை காத்திருந்ததில் ரத்தத்தில் நச்சு ஏறிவிட்டது. ஒரு வினையை இன்னொரு வினையாக மாற்ற மறுத்ததில் போன உயிர். 2018இல் அந்த நாட்டு மக்களில் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் பழைய தடையை நீக்க வாக்களித்தார்கள். சவிதாவின் பெற்றோர் இங்கிருந்தபடி, மகளை நினைத்து வாக்களியுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். 2019இல் என் துறையில் இளையவர் ஒருவருக்கு, முதல் பிரசவத்தின்போது இதயம் பலவீனப்பட்டிருந்த நிலையில், எதிர்பாராமல் மறுபடி கரு உண்டாயிற்று. மருத்துவர் எச்சரித்தும் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. மருத்துவக் காரணத்துக்காக வேண்டுமென்றே கலைத்துக்கொண்ட ஒரு பெண்ணைக்கூட அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. சினிமாவில் கண்டிருக்கிறார், அங்கே அவள் கெட்டவளாக இருப்பாள் அல்லது கடைசி ரீலில் மனம் மாறுவாள். நாள் தள்ளித் தள்ளி இருபத்திரண்டாவது வாரத்தில் மூச்சுத்திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, உயிரைக் காக்க வேறு வழியில்லை என்ற நிலையில் மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பிழைத்தார். இன்றும் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. அவருடைய மேசை என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தது. எல்லாம் முடிந்து ஓராண்டு கழித்து, ஒருநாள் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது என் கதையை அவரிடம் சொன்னேன். பேனாவை மூடிவைத்தார். ‘உங்களுக்குக் கலைஞ்சு போச்சுன்னுதான மேடம் சொன்னாங்க’ என்றார். பிறகு, ‘தெரிஞ்சிருந்தா உங்கட்ட வந்து கேட்டிருப்பேன்’ என்றார். குற்றம்சாட்டும் குரலே இல்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை.

அன்று வகுப்பில் அடுத்த சொல் வராமல் நின்றது அந்தக் குரலால். சமாளித்துக்கொண்டு பாடத்தை முடித்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. ‘எனக்கு அப்பவே தெரியும்மா, நீயும் அப்பாவும் பேசினது கேட்டுச்சு’ என்றாள். பன்னிரண்டு வயதிலிருந்து அவளும் எனக்காக அந்த நகரத்தைச் சுமந்திருக்கிறாள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. எழுதப்போகிறேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். நெடுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘எனக்கும் ஒண்ணு உண்டு தாயி, உனக்கும் தம்பிக்கும் நடுவுல’ என்றாள். கலைந்ததா கலைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவளே சற்றுப் பொறுத்து, ‘எழுதுறதுன்னா எழுது, ஊர்ப் பேரை மட்டும் போடாத’ என்றாள்.